இடது காலுக்கு வேலை இல்லாத கார்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பல ஆண்டுகளாக கிளட்ச் உள்ள காரையே ஓட்டி வருகிறேன். வீடு குரோம்பேட்டையில், அலுவலகம் சிறுசேரி சிப்காட்டில். மாலையில் வீடு திரும்பும்போது இடது முழங்கால் வலி பொறுக்க முடியவில்லை. ஆட்டோமேட்டிக் காருக்கு மாறிவிடலாம் என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். தாங்கள் அன்றாடம் ஹோண்டா அமேஸ் சிவிடி (பெல்ட் வகை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உள்ள மாடல்) ஓட்டுவதாக இந்தப் பகுதியில் முன்பு குறிப்பிட்டிருந்தீர்கள். விளம்பரத்தில் இருப்பதை நானே படித்துக்கொள்வேன். தினமும் ஓட்டுகிறவருக்கு அந்த கார் எப்படி இருக்கிறது என்பதை விரிவாக எழுதுவீர்களா?
— வாசகர், குரோம்பேட்டை

பதில்: முழங்கால் வலிக்கு முதலில் மருத்துவரைப் பாருங்கள், காரை மாற்றுவது அதற்குப் பிறகுதான். ஆனால் உங்கள் வழித்தடத்தை நான் அறிவேன் என்பதால், வீட்டில் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்றே சொல்வேன். பல்லாவரத்தில் ரேடியல் சாலையைப் பிடித்து, துரைப்பாக்கத்தில் பழைய மாமல்லபுரம் சாலையில் திரும்பி, மெட்ரோ பணிக்காகத் தடுப்புகள் வைத்துக் குறுக்கிய தடங்களில் ஊர்ந்து சிறுசேரி போய்ச் சேர்கிறவர், காரை ஓட்டும் நேரத்தைவிட அரை கிளட்ச்சில் நிறுத்திப் பிடித்திருக்கும் நேரமே அதிகம். இரண்டாவது கியருக்குப் போவதற்குள் முன்னால் இருக்கும் பேருந்தின் பிரேக் விளக்கு எரிந்துவிடும். அந்த நெரிசலில் ஆட்டோமேட்டிக் காரின் பயன் முதல் நாளே தெரிந்துவிடும்.

அதற்குக் காரணம், ‘கிரீப்’ என்று சொல்லப்படும் ஊர்தல்தான். கியர் லீவரை முன்னோக்கி ஓட்டும் நிலையான ‘டி’யில் வைத்து பிரேக்கிலிருந்து காலைத் தளர்த்தினால், ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலேயே கார் மனிதர் நடக்கும் வேகத்தில் நகரத் தொடங்கும். நெரிசலில் இந்த ஊர்தலே போதும். முன்னால் இடைவெளி விழும்போது பிரேக்கைச் சற்றே விடுவதும், இடைவெளி அடைபடும்போது மெல்ல மிதிப்பதுமாக, ஒரே காலின் ஒரே அசைவில் கிலோமீட்டர் கணக்கில் போய்விடலாம். அமேஸில் என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே எண்ணெயின் வழியாகச் சக்தியைக் கடத்தும் டார்க் கன்வெர்டர் இருப்பதால் இந்த நகர்வு வழுக்கிச் செல்வதுபோல் இருக்கிறது. கியர் மாறும் குலுக்கல் என்பதே கிடையாது. பின் இருக்கையில் வயதானவர்களோ கைக்குழந்தையோ இருந்தால், இந்த மென்மையின் அருமை ஓட்டுகிறவரைவிட அவர்களுக்கே நன்றாகத் தெரியும்.

ஆனால் பழகும் வரை உங்கள் இடது கால்தான் உங்களுக்குப் பகை. பல ஆண்டுகளாகக் கிளட்ச்சை அடிவரை மிதித்துப் பழகிய அந்தக் கால், சிக்னல் நெருங்கும்போது தன் போக்கில் எழுந்து, ஆட்டோமேட்டிக் காரில் அகலமாக இருக்கும் பிரேக் மிதியைக் கிளட்ச் என்று எண்ணி ஓங்கி மிதித்துவிடும். கார் நின்ற இடத்தில் குத்திட்டு நிற்கும்; பின்னால் வரும் இருசக்கர வாகன ஓட்டிக்கு அது பேராபத்து. ஆகவே முதல் சில வாரங்களுக்கு, காரில் ஏறியதும் இடது காலை அதன் ஓய்வு மேடையில் வைத்துவிட்டு, கார் நிற்கும் வரை அங்கிருந்து எடுப்பதில்லை என்று உறுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆக்ஸிலரேட்டர், பிரேக் இரண்டுக்கும் வலது கால் ஒன்றே. இரண்டு கால்களால் ஆட்டோமேட்டிக் ஓட்டும் பழக்கத்தை யார் சொல்லிக்கொடுத்தாலும் கற்றுக்கொள்ள வேண்டாம். பதற்றமான நேரத்தில் இரண்டு கால்களும் ஒருசேர மிதித்துவிடும்.

அடுத்தது சத்தம். சிவிடி காரை முதன்முறையாக ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் குறையாகச் சொல்வார்கள். காரணம் புரிந்துவிட்டால் அந்தக் குறை பாதியாகிவிடும். சிவிடியில் பற்சக்கரங்களாலான படிப்படியான கியர்கள் இல்லை. கூம்பு வடிவத் தட்டுகளால் ஆன இரண்டு கப்பிகளும் அவற்றைச் சுற்றி ஒரு பெல்ட்டும்தான் உண்டு. தட்டுகள் நெருங்கினால் பெல்ட் கப்பியின் விளிம்பை நோக்கி ஏறும், விலகினால் உள்ளே இறங்கும். அதற்கேற்ப என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் இடையிலான விகிதம் இடைவெளியின்றி மாறிக்கொண்டே இருக்கும். நீங்கள் கியர் இல்லாத ஸ்கூட்டர் ஓட்டியிருந்தால் சிவிடியை ஏற்கெனவே ஓட்டியிருக்கிறீர்கள். 1980-களில் வந்த கினெடிக் ஹோண்டா முதல் இன்றைய ஆக்டிவா வரை எல்லாமே இதே தத்துவத்தில் ஓடுபவைதாம். நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம் 1958-இல் காட்சிக்கு வைத்த டாஃப் 600 காரிலும் ஸ்கூட்டரில் இருப்பதுபோல் ரப்பர் பெல்ட்டே இருந்தது. இன்றைய கார்களில் இருப்பது எஃகுப் பெல்ட். நூற்றுக்கணக்கான மெல்லிய எஃகுத் துண்டுகளை எஃகு வளையங்களில் வரிசையாகக் கோத்திருப்பார்கள்; அந்தத் துண்டுகள் ஒன்றையொன்று தள்ளியே சக்தியைக் கடத்துகின்றன. பெல்ட் என்றதும் சக்தியை இழுத்துக் கடத்துவது என்றே நினைக்கிறோம்; இது தள்ளிக் கடத்துகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கும் செய்தி.

இனி அமேஸின் என்ஜினுக்கு வருவோம். 1,199 சிசி, நான்கு சிலிண்டர், டர்போ இல்லாத பெட்ரோல் என்ஜின். 90 பிஎஸ் திறன், 110 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. அந்த முறுக்குவிசை முழுமையாகக் கிடைப்பது நிமிடத்துக்கு 4,800 சுழற்சியில். எனவே நெடுஞ்சாலையில் ஒரு லாரியை முந்துவதற்காக ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்தால், சிவிடி உடனே என்ஜினை அந்த உயர்ந்த சுழற்சிக்கு ஏற்றி, அங்கேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. சத்தம் முந்திக்கொள்ளும், வேகம் பின்னால் வந்து சேரும். மேனுவல் காரில் சத்தமும் வேகமும் சேர்ந்தே ஏறிப் பழகிய காதுக்கு, கிளட்ச் நழுவுகிறதோ என்ற ஐயம் எழுவது இயல்பே. உண்மையில் எதுவும் நழுவவில்லை. என்ஜின் தன் முழு பலத்தைத் தரக்கூடிய இடத்தில் நிற்கிறது, அவ்வளவுதான்.

இதற்கு நான் கடைப்பிடிக்கும் வழி, முந்துவதை முன்கூட்டியே தீர்மானித்துவிடுவதுதான். திண்டிவனம் சாலையில் லாரியின் வாலுக்கு வந்தபின் திடீரென்று மிதிப்பதை விட்டு, சற்றுத் தொலைவிலேயே மிதியைப் பாதி வரை அழுத்தி நிலையாகப் பிடித்தால், என்ஜின் கத்தாமல், கார் சீராக வேகம் எடுத்து முந்திவிடும். வேண்டிய வேகம் வந்ததும் காலைச் சிறிது தளர்த்துங்கள். அடுத்த கணமே சுழற்சி இறங்கி 2,000-ஐ ஒட்டி நின்றுவிடும், காருக்குள் அமைதி திரும்பிவிடும். இந்தத் தளர்த்தலைக் கற்றுக்கொண்டவருக்கு சிவிடி மிக நல்ல துணை. ஒவ்வொரு இடைவெளியிலும் பாய்ந்து நுழைந்து ஓட்டுவதில் மகிழ்ச்சி காண்பவர்களுக்கு இந்த கார் உவப்பாக இருக்காது. அவர்கள் டர்போ என்ஜினோடு இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் உள்ள ஃபோக்ஸ்வேகன் விர்டஸ், ஹூண்டாய் வெர்னா போன்றவற்றைப் பார்ப்பது நல்லது. விலை கூடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். காரின் நீளம் 3,995 மில்லிமீட்டர். 4 மீட்டருக்குள்ளும் 1,200 சிசிக்குள்ளும் அடங்கும் பெட்ரோல் கார்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 விழுக்காடு மட்டுமே. அதற்கு முன் செஸ் உட்பட 29 விழுக்காடாக இருந்தது. சற்றே பெரிய செடான்களுக்கு 40 விழுக்காடு. அமேஸும் மாருதி டிசையரும் பின்புறம் வெட்டிவிட்டாற்போல் குட்டையாக முடிவது இந்த வரி எல்லைக்காகத்தான். அப்படியிருந்தும் 2024 டிசம்பரில் வந்த மூன்றாம் தலைமுறை அமேஸின் டிக்கி 416 லிட்டர் கொள்ளும். ஊருக்குப் போகும் ஒரு குடும்பத்தின் பெட்டிகளும், திரும்பும்போது அம்மா கட்டிக்கொடுக்கும் அரிசி மூட்டையும் தாராளமாக அடங்கும். ஸ்டியரிங் இலகுவானது. குண்டும் குழியுமான உட்சாலைகளில் மெதுவாகச் செல்லும்போது காரின் அசைவு உடலை வருத்துவதில்லை. உங்கள் தேவைக்கு நான் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். ஆனால் டெஸ்ட் டிரைவை ஞாயிறு காலையில் காலியான சாலையில் வைத்துக்கொள்ளாதீர்கள். வார நாளில் மாலை 6 மணிக்கு, உங்கள் வழித்தடத்திலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று ஷோரூமில் கேளுங்கள்.

கேள்வி: ஏஎம்டி கார்கள் விலை மலிவாகவும் கூடுதல் மைலேஜ் தருவதாகவும் இருக்கின்றன. அதுவும் ஆட்டோமேட்டிக்தானே? மாதம் ஒருமுறையாவது ஏற்காடு சென்று வருவோம். மலைப்பாதைக்கு எது ஏற்றது? ‘டி’யில் வைத்தே இறங்கலாமா?
— வாசகி, சேலம்

பதில்: ஏஎம்டியும் ஆட்டோமேட்டிக்தான்; ஆனால் அதன் உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸும் சாதாரண கிளட்ச்சும். நீங்கள் காலாலும் கையாலும் செய்யும் வேலையை ஒரு கணினியும் சில இயக்கிகளும் செய்கின்றன. இந்தியாவில் 2014-இல் மாருதி செலெரியோ மூலம் பரவலான இந்த முறை, ஆட்டோமேட்டிக் காரை நடுத்தரக் குடும்பங்களின் கைக்கு எட்டச் செய்தது. அந்த வகையில் அதற்கு நான் பெருமதிப்பு வைத்திருக்கிறேன். டிசையரில் இருப்பதும் இதே முறைதான். கியர் மாறும்போது கிளட்ச் விடுபட்டுச் சேரும் அந்த நொடியில் இழுவை அறுந்து, உட்கார்ந்திருப்பவர்களின் தலை லேசாக முன்னும் பின்னும் ஆடும். ஆக்ஸிலரேட்டரை மென்மையாகக் கையாண்டால் இது வெகுவாகக் குறையும், ஆனால் முழுமையாக மறையாது. ஓட்டிப் பார்த்து, உங்களுக்கு அது உறுத்தவில்லை என்றால் பணத்தை மிச்சப்படுத்துவதில் தவறே இல்லை.

மலைப்பாதையில் வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதாவது ஒன்றில், எதிரே பேருந்து இறங்கி வருகிறதென்று நீங்கள் காரை நிறுத்த வேண்டி வரும். பிறகு பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்ஸிலரேட்டருக்குக் கொண்டுபோகும் இடைவெளியில், ஏஎம்டி கார் பின்னோக்கி உருளக்கூடும். ஆகவே ஏஎம்டி வாங்குவதானால், ஏற்றத்தில் கார் உருளாமல் சில நொடிகள் தானே பிரேக்கைப் பிடித்து வைக்கும் ஹில் ஹோல்ட் வசதி உள்ள மாடலையே வாங்குங்கள். அது இல்லாத காரில் ஹேண்ட்பிரேக்கைப் போட்டுக்கொண்டுதான் ஏற்றத்தில் கிளப்ப வேண்டும். இன்னொன்று: எந்த ஆட்டோமேட்டிக் ஆனாலும் ஏற்றத்தில் பிரேக்கைப் பிடிக்காமல், ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தே காரை அந்தரத்தில் நிறுத்தி வைக்காதீர்கள். ஏஎம்டியிலும் இரட்டை கிளட்ச் காரிலும் கிளட்ச் தேய்ந்து சூடேறும். சிவிடியில் எண்ணெய் சூடேறும். ஏறும்போது டார்க் கன்வெர்டர் உள்ள சிவிடி இயல்பாக இருக்கும் என்பது என் கருத்து. கியர் மாற்றம் என்ற ஒன்றே இல்லாததால் வளைவின் நடுவில் இழுவை விட்டுப்போகும் பேச்சே இல்லை.

இறங்குவதைப் பற்றித் தாங்கள் கேட்டது மிக முக்கியமான கேள்வி. ‘டி’யில் வைத்தே இறங்காதீர்கள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும், எரிபொருளை மிச்சப்படுத்த வேண்டும் என்று எண்ணி சிவிடி தன் விகிதத்தை உயர்த்திக்கொள்ளும். என்ஜின் காரைப் பிடித்து இழுக்கும் வலு குறைந்துவிடும். வேகம் முழுவதையும் பிரேக்கே தாங்க வேண்டிய நிலை வந்தால், சில வளைவுகளிலேயே கருகிய வாடை வரத் தொடங்கும். அதற்கு மேலும் மிதித்துக்கொண்டே போனால் பிரேக் பிடிமானம் இழக்கும். இறக்கம் தொடங்கும் முன்பே லீவரை, என்ஜின் காரைப் பிடித்து இழுக்கும் நிலைகளான ‘எல்’லுக்கோ ‘எஸ்’ஸுக்கோ மாற்றிவிடுங்கள்; ஸ்டியரிங்குக்குப் பின்னால், விரலால் இழுக்கும் பேடில் உள்ள மாடலானால் அதன் மூலம் கியரைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஏஎம்டியில், கியரை நாமே தேர்ந்தெடுக்கும் ‘எம்’முக்கு மாற்றி இரண்டாவது கியரில் பிடியுங்கள். எந்த கியரில் ஏறினோமோ அந்த கியரில் இறங்க வேண்டும் என்று மலையில் பேருந்து ஓட்டுகிறவர்கள் சொல்லும் பாடம் ஆட்டோமேட்டிக்குக்கும் பொருந்தும். என்ஜின் உறுமும், அதைக் கேட்டு அஞ்ச வேண்டாம், அந்த உறுமல்தான் உங்கள் பிரேக்கைக் காப்பாற்றுகிறது. 40 வளைவுகள் உள்ள வால்பாறைக்கோ 70 வளைவுகள் உள்ள கொல்லிமலைக்கோ போகும்போது இதை இன்னும் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள்.

கேள்வி: ஆட்டோமேட்டிக் கார் பெட்ரோலைக் குடிக்கும் என்கிறார்களே, உண்மையா?
— வாசகர், மதுரை

பதில்: பழைய நாலு கியர் ஆட்டோமேட்டிக் காலத்தில் உண்மையாக இருந்தது. இன்று அமேஸின் அதிகாரபூர்வ அளவே மேனுவலில் லிட்டருக்கு 18.65 கிலோமீட்டர், சிவிடியில் 19.46. இவை ஆய்வகத்தில் அளக்கப்பட்டவை. சாலையில் நம் கைக்கு வருவது வேறு. சென்னை நெரிசலில் ஏசியுடன் 11 முதல் 13 வரை கிடைத்தால் நிறைவடையுங்கள். நான்குவழிச் சாலையில் 80, 90 கிலோமீட்டர் வேகத்தில் சீராகச் சென்றால் 17-ஐத் தாண்டுவது கடினமில்லை. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலே இப்போது கிடைப்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். எத்தனாலில் லிட்டருக்குக் கிடைக்கும் எரிசக்தி, பெட்ரோலில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். டேஷ்போர்டில் தெரியும் எண்ணை நம்பாமல், டேங்கை நிரப்பி, ஓட்டி, மீண்டும் நிரப்பிக் கணக்கிடுங்கள். அமேஸின் டேங்க் 35 லிட்டர்தான் என்பதால் நெடும்பயணத்தில் பங்க்கை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: புதிதாக சிவிடி கார் வாங்கியிருக்கிறேன். சிக்னலில் ‘என்’னுக்கு (நியூட்ரல்) மாற்ற வேண்டுமா? நிறுத்தும்போது ‘பி’ (பார்க்கிங்) மட்டும் போதுமா? எங்கள் தெருவில் மழைநீர் தேங்கும். அதனால் கியர்பாக்ஸ் கெடுமா?
— வாசகர், வேளச்சேரி

பதில்: சிறிய சிக்னலில் ‘டி’யிலேயே பிரேக்கை மிதித்து நில்லுங்கள், நிமிடக்கணக்கில் நிற்கும் சிக்னலானால் ‘என்’னுக்கு மாற்றி ஹேண்ட்பிரேக் போட்டுக் காலுக்கு ஓய்வு கொடுங்கள். அரை நிமிடத்துக்கு ஒருமுறை ‘டி’, ‘என்’ என்று மாற்றிக்கொண்டிருப்பதால் பயன் ஒன்றுமில்லை. ஓடிக்கொண்டிருக்கும் காரை ‘என்’னில் போட்டு உருளவிடுவதை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள்.

நிறுத்தும்போது வரிசை முக்கியம். பிரேக்கை மிதித்தபடி ‘என்’னுக்கு மாற்றி, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, பிரேக்கிலிருந்து காலை ஒரு கணம் எடுங்கள், காரின் எடை ஹேண்ட்பிரேக்கில் உட்காரும். பிறகு மீண்டும் மிதித்து ‘பி’க்குக் கொண்டுபோங்கள். ‘பி’யில் காரைத் தடுத்து நிறுத்துவது கியர்பாக்ஸுக்குள் ஒரு பற்சக்கரத்தில் மாட்டிக்கொள்ளும் சிறிய எஃகுக் கொக்கி ஒன்றுதான். சரிவில் ஹேண்ட்பிரேக் போடாமல் ‘பி’யில் மட்டும் விட்டால் ஒரு டன்னுக்கு நெருக்கமான எடை முழுவதும் அந்தக் கொக்கியில் தொங்கும், மறுநாள் லீவரை எடுக்கும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் வருவது அதனால்தான். ஏஎம்டி வைத்திருக்கும் வாசகர்களுக்கும் ஒரு சொல்: ஏஜிஎஸ் என்ற பெயரில் வரும் மாருதியின் ஏஎம்டி கார்களில் ‘பி’ என்ற நிலையே கிடையாது. கியரில் வைத்து, ஹேண்ட்பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

மழைநீரைப் பற்றி வேளச்சேரிக்காரரான தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2015 டிசம்பரையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்கள் நீங்கள். நீரில் நின்ற காரை எக்காரணம் கொண்டும் ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். என்ஜின் சிலிண்டருக்குள் நீர் புகுந்திருந்தால், அந்த ஒரு முயற்சியே கனெக்டிங் ராடை வளைத்துவிடும். கியர்பாக்ஸுக்குள் நீர் கலந்தால் அதன் எண்ணெய் கெட்டு, எஃகுப் பெல்ட்டும் கப்பியும் ஒன்றோடொன்று உரசித் தேயும். எண்ணெயைச் சோதிக்காமல் காரை வெளியே எடுக்காதீர்கள். இயல்பான நாட்களிலும் கையேட்டில் சொல்லியிருக்கும் கிலோமீட்டர் வந்ததும் கியர் ஆயிலை மாற்றிவிடுங்கள். ஹோண்டா சிவிடிக்கு எச்சிஎஃப்-2 என்ற எண்ணெய் மட்டுமே. மலிவாகக் கிடைக்கிறதென்று சாதாரண ஆட்டோமேட்டிக் ஆயிலை ஊற்றினால் பெல்ட்டின் பிடிமானமே போய்விடும்.

பேட்டரி இறங்கிவிட்டால் நான்கு பேரைக் கூப்பிட்டுத் தள்ளி ஸ்டார்ட் செய்ய இந்த காரில் வழியில்லை. ஜம்பர் கேபிள் ஒன்றை டிக்கியில் வைத்திருங்கள். வழியில் நின்றுவிட்டால் முன்சக்கரங்கள் தரையில் உருளும்படி கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். என்ஜின் ஓடாதபோது எண்ணெய் பம்ப்பும் ஓடாது. மசகின்றிச் சுழலும் கியர்பாக்ஸ் சில கிலோமீட்டர்களிலேயே பழுதாகிவிடும். காப்பீட்டு நிறுவனத்தின் உதவி எண்ணை அழைக்கும்போதே, கார் ஆட்டோமேட்டிக் என்பதைச் சொல்லி, காரை முழுவதுமாக ஏற்றிச் செல்லும் தட்டையான மேடை உள்ள வண்டியை அனுப்பும்படி கேளுங்கள். கொக்கியில் மாட்டித் தூக்கும் வண்டி வந்து நின்றால், முன்சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டு எழும்பும்படி மாட்டுகிறார்களா என்று அருகில் நின்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.